விற்ற சாமானின் காசு எப்போது கைக்கு வரும்?
கைபேசி வழியாக மறுவிற்பனை செய்யும் குடும்பங்களுக்கான பாடம்

“அக்கா, இருக்கோ?”

கைபேசியில் சிறு வியாபாரம் செய்யும் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். இந்த இரண்டு சொல்லை ஒரு நாளில் எத்தனை தடவை வாசிக்கிறார் என்று சொல்வார். “இருக்கு” என்று பதில் போட்டால் “விலை?” என்று வரும். விலையைப் போட்டால் “கடைசி விலை?” என்று வரும். அதையும் சொன்னால் “சரி அக்கா, எடுத்து வையுங்கோ, நாளைக்குச் சொல்லுறன்” என்று வரும். அந்த நாளை பெரும்பாலும் வருவதில்லை. எடுத்து வைத்த சாமான் அலுமாரியில் கிடக்கும். அதைக் கேட்டு வந்த வேறொருவருக்கும் “இல்லை” என்று சொல்லி அனுப்பியிருப்போம்.

நம்மில் பலர் காணியை விட்டு எழும்பி வந்தவர்கள். சிலருடைய காணி இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை. சிலருக்குக் கிடைத்த காணி பற்றையாகிக் கிணறும் தூர்ந்து கிடக்கிறது. குத்தகைக் காணியிலும் கூலி வேலையிலும் காலத்தை ஓட்டும் வீட்டில், பிள்ளைகளில் ஒருவர் சொல்லுவார்: “அம்மா, மொத்தக் கடையில் உடுப்பு எடுத்து முகநூலில் போட்டு விற்கலாம். கடை வேண்டாம், வாடகை வேண்டாம், முதலும் பெரிதாகத் தேவையில்லை.” இதில் கடைசி வாக்கியம் மட்டும் பிழை. ஏன் பிழை என்பதை விளங்கிக்கொள்வதே இப்பாடத்தின் வேலை.

மறுவிற்பனை என்றால், நாம் உற்பத்தி செய்யாத ஒரு பொருளை ஓரிடத்தில் வாங்கி இன்னோரிடத்தில் விலை வைத்து விற்பது. புதிய சாமானாகவும் இருக்கலாம், பாவித்த சாமானாகவும் இருக்கலாம். இது விவசாயிக்குப் புதிய விடயம் அன்று. மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டுபோய் 100 கிலோ நிறுத்தால், 10 கிலோவைக் கழிவு என்று தள்ளிவிட்டு 90 கிலோவுக்குக் காசு வாங்கிய அனுபவம் வடபகுதியில் தோட்டம் செய்த எவருக்கும் உண்டு. நிறுத்தது ஒன்று, கைக்கு வந்தது இன்னொன்று. கைபேசி வியாபாரத்திலும் கழிவு உண்டு. ஆனால் அதை ஒருவரும் தராசில் வைத்துக் காட்டுவதில்லை. நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

பத்துச் சட்டையின் கணக்கு

ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு இந்தப் பகுதியை வாசியுங்கள். தொகைகள் கணக்கு விளங்குவதற்காக எடுத்தவை. உங்கள் ஊரில் உண்மையில் செல்லும் விலையைப் பிறகு நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் சிறுமியர் சட்டை பத்து எடுக்கிறோம். ஒன்று 1,200 ரூபா வீதம் 12,000 ரூபா. விற்கும் விலை 1,800. கூரியர் செலவு 400 ரூபாவை வாங்குபவரே தருவார். சட்டைக்கு 600 வீதம் 6,000 ரூபா இலாபம் என்று பிள்ளை சொல்கிறார். பிள்ளையின் பெருக்கலில் பிழை இல்லை.

இப்போது மற்றச் செலவுகள். சட்டைகளை ஊருக்குக் கொண்டுவர 1,000. பொதி செய்யும் பை, டேப், பற்றுச்சீட்டு எல்லாம் சேர்த்து 300. அழைப்புகளுக்கும் டேட்டாவுக்கும் 600. இனிப் பெரிய விடயத்துக்கு வருவோம். பொருள் கைக்குக் கிடைத்த பின் காசு கொடுக்கும் முறையையே நம்முடைய ஆட்கள் விரும்புகிறார்கள். முகம் தெரியாதவருக்கு முன்காசு அனுப்ப அவர்கள் பயப்படுவதில் நியாயமும் உண்டு. ஆகவே பத்துப் பொதியையும் அப்படியே அனுப்புகிறோம். எட்டுப் பேர் வாங்கிவிட்டார்கள். ஒருவரின் கைபேசி நிறுத்தப்பட்டிருக்கிறது. இன்னொருவர், “வீட்டில் இவர் வேண்டாம் என்று சொல்லிப்போட்டார்” என்கிறார். இரண்டு பொதி திரும்பி வருகின்றன. கூரியர்க்காரர் போன தூரம் போனதுதான். அந்த இரண்டுக்கும் 800 ரூபாவை நம்மிடம் கழிக்கிறார். திரும்பக் கொண்டுவந்ததற்கும் தனியாக அறவிடும் நிறுவனங்கள் உண்டு. அதை இங்கே சேர்க்கவில்லை.

திரும்பி வந்த சட்டைகளில் ஒன்றின் பை கிழிந்து சட்டை கசங்கிவிட்டது. அதைப் பக்கத்து வீட்டுக்கு 1,000 ரூபாவுக்குக் கொடுக்கிறோம். மற்றது கையில் நிற்கிறது.

வரவு: எட்டுச் சட்டை 14,400. பக்கத்து வீட்டில் 1,000. மொத்தம் 15,400.
செலவு: 12,000, 1,000, 300, 600, 800. மொத்தம் 14,700.

கையில் மிச்சம் 700 ரூபாவும் ஒரு சட்டையும். 6,000 எங்கே, 700 எங்கே?

ஒருவேளை மூன்று பொதி திரும்பி வந்திருந்தால்? ஏழு சட்டைக்கு 12,600, பக்கத்து வீட்டில் 1,000, மொத்தம் 13,600. கூரியருக்கு இன்னொரு 400 கூடுவதால் செலவு 15,100. கையிலிருந்து 1,500 ரூபா போய்விட்டது. அலுமாரியில் இரண்டு சட்டை தொங்குகின்றன. அவற்றை என்றோ ஒரு நாள் விற்கலாம். ஆனால் சட்டையைக் கொடுத்து அரிசி வாங்க முடியாது. இந்தக் கணக்கில் உங்கள் கூலி எங்கும் இல்லை என்பதையும் கவனியுங்கள். படம் எடுத்து, பதில் எழுதி, பொதி கட்டி, கூரியர்க் கிளைக்கு நடந்த நேரத்துக்கு ஒரு சதமும் போடவில்லை. கொப்பியில் அதற்கும் ஒரு நிரலை விடுங்கள். காசு போட முடியாவிட்டாலும் மணித்தியாலத்தையாவது எழுதுங்கள்.

ஆகவே இவ்வியாபாரத்தில் பொருளை அனுப்பிய நாள் விற்ற நாள் அல்ல. வாங்குபவர் காசைக் கொடுத்த நாளும் அல்ல, ஏனென்றால் அப்போது அது கூரியர் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அவர்கள் கணக்குப் பார்த்து, தங்கள் கட்டணத்தைக் கழித்து, நமது வங்கிக் கணக்கில் இடும் நாளே விற்ற நாள். இதற்குச் சில நாட்கள் செல்லலாம், ஒரு கிழமைக்கு மேலும் செல்லலாம். நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். சேரும்போதே இதைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அந்த நாட்களில் அடுத்த சரக்கு எடுக்கவும் வீட்டுச் செலவுக்கும் வேறு காசு வேண்டும். முதல் தேவையில்லை என்று சொன்ன பிள்ளைக்கு இதைக் காட்டுங்கள். தொழிலுக்கு வேண்டிய முதல் சரக்கின் விலை மட்டும் அன்று, காத்திருக்கும் நாட்களின் விலையும் சேர்ந்ததே.

இவ்விடத்தில் கடனைப் பற்றி ஒரு சொல். கிழமைக்குக் கிழமை தவணை கட்டும் நுண்கடனை எடுத்து இத்தொழிலைத் தொடங்குவது நல்லதல்ல என்பது எமது கருத்து. தவணை குறித்த கிழமையில் வந்து நிற்கும். கூரியர்க் காசு அப்படி வராது. அக்கடன்கள் நம் பெண்களை எங்கே கொண்டுபோய் விட்டன என்பதை நாம் கண்டவர்கள். வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களுக்கு 2018ஆம் ஆண்டில் அரசே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. ஐந்து சட்டையோடு தொடங்கலாம், மூன்றோடும் தொடங்கலாம். அது வெட்கப்படும் விடயம் அன்று.

திரும்பி வருவதைக் குறைப்பது எப்படி?

முற்றாக நிறுத்த முடியாது. குறைக்கலாம். அனுப்புவதற்கு முன் ஒருதடவை அழைத்துப் பேசுங்கள். எழுத்தில் “ஓம்” என்றவர், குரலில் கேட்கும்போது தயங்கினால் அனுப்பாதீர்கள். பொருளின் முழு விலையையும் முற்கூட்டிக் கேட்டால் பலர் தரமாட்டார்கள். ஆனால் கூரியர்க் கட்டணத்தை மட்டும் முன்னரே வங்கியில் போடச் சொல்லலாம். மேலே போட்ட கணக்கில் அந்த 400 ரூபாவை எல்லாரிடமும் முன்னரே வாங்கியிருந்தால், இரண்டு பொதி திரும்பியபோது கையில் 700க்குப் பதிலாக 1,500 நின்றிருக்கும். அதோடு, 400 ரூபா போட்டவர் பொதி வரும்போது கைபேசியை நிறுத்தி வைக்கமாட்டார்.

மற்றக் காரணம் படம். மொத்தக் கடையின் பக்கத்தில் உள்ள அழகான படத்தை அப்படியே எடுத்துப் போடுகிறோம். அதில் சிவப்பாகத் தெரிந்தது கையில் மெரூன் நிறமாக இருக்கும். உங்கள் கையில் உள்ள அதே சட்டையைக் காலை வெயில் ஏற முன் முற்றத்தில் வைத்துப் படம் எடுங்கள். தையல் நாடாவால் அளந்து நெஞ்சளவு, உயரம் இரண்டையும் அங்குலத்தில் எழுதுங்கள். ஒரு தொழிற்சாலையின் ‘எல்’ இன்னொரு தொழிற்சாலையின் ‘எம்’ ஆக இருக்கும். உங்கள் சொந்தப் பிள்ளைக்கு உடுத்திப் படம் போடாதீர்கள். அந்தப் படம் யார் கைக்குப் போகும், எதற்குப் பயன்படும் என்று நமக்குத் தெரியாது.

முகவரியும் நம்முடைய ஆட்களுக்கு ஒரு தொல்லை. 2009இல் மெனிக் பாமில் இருந்தபோது வலயமும் கூடார இலக்கமும் நம்முடைய முகவரியாக இருந்தன. மீள்குடியேறிய சில கிராமங்களில் இன்றும் “பாடசாலைக்குப் பின்னால், பாலைமரத்தடி ஒழுங்கை” என்றே முகவரி சொல்கிறோம். உள்ளூர்த் தபாற்காரருக்கு அது போதும், கொழும்பில் பொதி பிரிப்பவருக்குப் போதாது. வாங்குபவரின் முகவரியை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில், மிக அண்மையான நகரத்தின் பெயரோடு எழுதுங்கள். இரண்டு கைபேசி இலக்கம் கேளுங்கள். உங்கள் பக்கம் வீட்டு முகவரி உறுதியில்லாவிட்டால், திரும்பும் பொதிகளைக் கூரியர்க் கிளையிலேயே வைத்திருக்கச் சொல்லி நீங்கள் போய் எடுக்கலாம்.

தெரிந்த சாமானை விற்பது

எல்லாரும் உடுப்பு விற்கிறார்கள் என்பதற்காக நாமும் உடுப்பு விற்க வேண்டும் என்றில்லை. விவசாயிக்கு உடுப்புக் கடைக்காரரிடம் இல்லாத ஓர் அறிவு உண்டு. பாவித்த நீர்ப்பம்பைக் கண்டால் அது எத்தனை போகம் ஓடும் என்று அவருக்குத் தெரியும். தெளிகருவி, மண்வெட்டி, தராசு, தையல் இயந்திரம் போன்றவையும் அப்படியே. பாவித்த சாமான்களுக்கென்றே முகநூலிலும் இக்மன் போன்ற விளம்பரத் தளங்களிலும் பகுதிகள் உள்ளன. பொருள் பாரமானது, வாங்குபவர் நேரில் வந்து பார்ப்பார், காசும் கையோடு வரும். திரும்பி வரும் பொதி இல்லை.

ஆனால் வாங்கும்போது பிழை விட்டால் பெரிய நட்டம். இரண்டு அங்குலப் பம்ப் ஒன்றைப் பார்க்கப் போகிறீர்கள் என்று வைப்போம். கயிற்றை மெதுவாக இழுங்கள். எதிர்த்து இழுத்தால் அழுத்தம் உண்டு. வெறுமனே வந்தால் உள்ளே தேய்ந்திருக்கிறது. ஓடவிட்டு, சூடான பின்னும் தொடர்ந்து நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்று அறியலாம். தண்ணீர் இறைக்க வைத்து, அச்சின் பக்கம் சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டினால் சீல் போய்விட்டது. அரை மணித்தியாலம் ஓடிய பின் நிறுத்தி, சூட்டோடு மறுபடியும் இயக்குங்கள். விற்க வந்தவர் அவசரப்படுத்தினால் நீங்கள் அவசரப்படவேண்டாம்.

பிறகு இயந்திர இலக்கத்தைப் பாருங்கள். சுரண்டியிருந்தால் வாங்காதீர்கள். களவுப் பொருள் என்று அறிந்தும் வாங்குவது குற்றம். அறியாமல் வாங்கினாலும் பொலிசார் வந்து எடுத்துப்போனால் கொடுத்த காசு யாரிடம் கேட்பது? ஒரு தாளில் திகதி, இயந்திர இலக்கம், விலை, விற்றவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றை எழுதி ஒப்பம் வாங்குங்கள். சொந்தக்காரராக இருந்தாலும் எழுதுங்கள். கோபிக்கிறவர் கோபிக்கட்டும்.

விற்கும்போது பழுதை மறைக்கக் கூடாது. இதற்கு நல்ல உதாரணம் ஒன்று உண்டு. ஈபே என்று பின்னர் உலகம் முழுவதும் அறியப்பட்ட இணையச் சந்தையை 1995 செப்டெம்பரில் அமெரிக்காவில் பியர் ஒமிடியார் என்பவர் தொடங்கினார். நம்மவர்கள் அதற்கு அடுத்த மாதம் 30ஆம் திகதி மழைக்குள் வலிகாமத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தில் நெருக்குப்பட்டு நின்றார்கள். அதனால் அச்செய்தி நமக்கு எட்டியிருக்க நியாயமில்லை. அச்சந்தையில் முதலில் விலைப்பட்ட பொருள் உடைந்த லேசர் சுட்டி ஒன்று. 14 டொலர் 83 சதத்துக்குப் போனது. உடைந்தது என்று தெரிந்தும் ஏன் வாங்கினீர்கள் என்று ஒமிடியார் விசாரித்தபோது, உடைந்த லேசர் சுட்டிகளைச் சேர்ப்பதே தன் வழக்கம் என்று வாங்கியவர் சொன்னாராம். “சீல் மாற்ற வேண்டும், மற்றெல்லாம் சரி” என்று நீங்கள் எழுதினால், சீல் மாற்றத் தெரிந்த ஒருவர் வருவார். மறைத்து விற்றால் அவர் மூன்று கிராமத்துக்குச் சொல்லுவார்.

சரக்கைப் பிடித்து வைப்பதிலும் ஆபத்து உண்டு. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவானது. அதற்கு முதற்கிழமை நான்கு மண்ணெண்ணெய்ப் பம்பை வாங்கி வீட்டில் அடுக்கியவரை நினைத்துப் பாருங்கள். அதே ஆண்டு மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐ எட்டியது. உடுப்பு விற்றவர்கள் பழைய விலைக்கு விற்று “இலாபம்” என்று மகிழ்ந்து, மறுபடி சரக்கெடுக்கப் போனபோது அதே காசுக்குப் பாதிதான் கிடைத்தது. விலை ஓடும் காலத்தில் வாங்கிய விலையை மட்டும் பார்த்து விற்கக்கூடாது, இனி வாங்கப்போகும் விலையையும் விசாரிக்க வேண்டும். விதைநெல்லை விற்றுச் சாப்பிடாதவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஏமாற்றுகளும் தொந்தரவுகளும்

காசு போட்டாயிற்று என்று வங்கி வைப்புச் சீட்டின் படத்தை அனுப்புவார்கள். படத்தில் திகதியையும் தொகையையும் மாற்றுவது சிறுபிள்ளைக்கும் தெரியும். படத்தை நம்பிப் பொருளை அனுப்பாதீர்கள். உங்கள் கணக்கில் காசு விழுந்ததா என்று நீங்களே பாருங்கள், அல்லது வங்கியைக் கேளுங்கள்.

காசு அனுப்புபவருக்கு உங்கள் பெயர், வங்கி, கிளை, கணக்கு இலக்கம் ஆகிய நான்கும் போதும். அட்டை இலக்கத்தையோ, கைபேசிக்கு வரும் ஓ.ரீ.பி. என்ற இரகசிய இலக்கத்தையோ கேட்பவர் காசு தர வந்தவர் அல்லர், எடுக்க வந்தவர். வட்ஸ்அப்பில் வரும் ஆறு இலக்கமும் அப்படியே. அதைச் சொல்லிக் கொடுத்தால் உங்கள் பெயரில் உங்கள் வாடிக்கையாளர்களிடமே காசு கேட்பார்கள்.

சிம் அட்டை யாருடைய பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். இடம்பெயர்ந்த காலத்தில் அடையாள அட்டை இல்லாமல் வேறொருவரின் பெயரில் எடுத்த சிம்மை இன்னும் பாவிப்பவர்கள் இருக்கிறார்கள். கைபேசி துலைந்தால் அந்த இலக்கம் உங்களுக்குத் திரும்பக் கிடைக்காது. இத்தொழிலில் இலக்கம்தான் கடை. தொலைபேசி நிறுவனத்தின் கிளைக்குப் போய் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பெண்கள் நடத்தும் வியாபாரத்தில் இன்னொரு தொல்லை உண்டு. சட்டை விலை கேட்டு வருபவர்களில் சிலர் சட்டைக்காக வருவதில்லை. இரவு பதினொரு மணிக்கு “நித்திரையோ?” என்று எழுதுவார்கள். வியாபாரத்துக்கு வேறோர் இலக்கம் வைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டு முதல் மாலை ஆறு வரையே பதில் தரப்படும் என்று பக்கத்தில் எழுதுங்கள். அப்படியானவருக்குப் பதில் எழுதாமல் தடை செய்யுங்கள், ஆனால் அவர் எழுதியதை அழிக்காதீர்கள். பொலிசுக்குப் போகவேண்டி வந்தால் அதுவே சாட்சி. வீட்டில் உள்ள ஆண்கள் இதைக் காரணம் காட்டித் தொழிலை நிறுத்தச் சொல்வதையும் கண்டிருக்கிறோம். தவறு செய்தவர் யார் என்பதை அவர்களும் யோசிக்க வேண்டும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வீட்டிலிருந்து விற்பவருக்கும் பொருந்தும். பொதியில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்க முடியாது. வாங்கியவர் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம். நீங்கள் மொத்தக் கடையில் ஏமாந்தாலும் அங்கே கேட்கலாம், அதற்குப் பற்றுச்சீட்டு வேண்டும். தொழில் நிலைத்தபின் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவுசெய்தால் அப்பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கலாம்.

குழுவாகச் செய்ய வேண்டியவை

1. உங்கள் குழுவில் கைபேசி வழியாக விற்பவர் ஒருவர் இருந்தால், அவர் கடைசியாக அனுப்பிய பத்துப் பொதியின் கணக்கை மேலே காட்டியபடி எல்லாரும் சேர்ந்து எழுதிப் பாருங்கள். எத்தனை திரும்பின? அனுப்பிய நாளுக்கும் காசு வந்த நாளுக்கும் இடையில் எத்தனை நாள்?

2. ஐந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே லொறியில் சரக்கெடுத்தால் எந்தச் செலவு குறையும்? எந்தச் சண்டை கூடும்? இரண்டையும் பேசுங்கள்.

3. உங்கள் ஊரில் ஒவ்வொருவருக்கும் நன்றாகத் தெரிந்த ஒரு பாவித்த சாமானின் பெயரை எழுதுங்கள். அதை வாங்கும்போது என்னென்ன பார்ப்பீர்கள் என்று தெரியாத ஒருவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கணக்குக் கொப்பியைக் கொண்டு வாருங்கள்.